ஒத்து ஊதாத பதில்கள்

டிஜெரிடூ என்றால் என்ன? (சேலையூர் வாசகர்)

ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான மரக்குழல். விரலுக்கு வேலையில்லை, துளையே கிடையாது. உதட்டை அதிரவிட்டு ஊதினால் ஒரே ஆதாரச் சத்தம் உறுமிக்கொண்டே இருக்கும். வட ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் சொத்து. அங்குள்ள யோல்ங்கு மக்கள் யிடாகி என்பார்கள்.

அதை யார் குடைகிறார்கள்? (முடிச்சூர்)

கரையான். யூகலிப்டஸ் மரத்தின் நடுவை அது தின்று தீர்த்த பிறகுதான் மனிதர் வெட்டுகிறார். என் வீட்டு நிலைப்படியையும் இரண்டு மழைக்காலமாகத் தின்கிறது. சுருதி எதுவும் வரவில்லை.

நம்மிடம் அப்படி ஒன்று உண்டா? (குரோம்பேட்டை)

ஏன் இல்லை? ஒத்து. நாயனம் மாதிரியே இருக்கும், விரல் துளை இருக்காது. அடிப்பக்கத்தில் உள்ள சில துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். டிஜெரிடூவுக்கும் மெழுகு உண்டு, வாய் வைக்கும் இடத்தில். நம்முடையதில் சீவாளி, அவர்களுடையதில் வெறும் உதடு. மூச்சு வித்தை மட்டும் ஒன்றே: கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளும் அதே நேரத்தில் மூக்கால் புதுக்காற்றை இழுப்பது. சிறுவயதில் திருநீர்மலை உற்சவத்தில், ஒத்துக்காரர் எப்போது மூச்சு வாங்குகிறார் பார்ப்போம் என்று அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். பந்து மாதிரி உப்பியிருந்தது. சுவாமி தெருக்கோடி திரும்பியும் பிடிபடவில்லை.

டிஜெரிடூ உலகம் சுற்றிவிட்டது, ஒத்து ஏன் சுற்றவில்லை? (பல்லாவரம்)

1991-ல் யோத்து யிண்டி குழுவின் 'ட்ரீட்டி' பாட்டு யிடாகியை நடன அரங்குகளுக்கே கொண்டுபோனது. 1993-ல் இங்கிலாந்தின் ஜமிரோகுவாய் குழு தன் முதல் ஆல்பத்திலேயே டிஜெரிடூவைச் சேர்த்துக்கொண்டது. இங்கே, தாம்பரம் கல்யாண மண்டபங்களில் ஒத்து இருந்த இடத்தில் மின்சார சுருதிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. வாத்தியம் போய், வசவு மட்டும் தங்கிவிட்டது: 'அவன் ஒத்து ஊதுறான்யா.' மணிக்கணக்கில் மூச்சு விடாமல் ஊதியவருக்கு நாம் கொடுத்த பட்டம் இது. அநியாயம்.

வீட்டுக்காரர் குறட்டையில் தூக்கமே இல்லை. இதற்கும் டிஜெரிடூவுக்கும் சம்பந்தம் உண்டாமே? (பெருங்களத்தூர் வாசகி)

உண்டு. சுவிட்சர்லாந்தில் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் 25 பேரில் 14 பேரை நாலு மாதம் டிஜெரிடூ ஊதவைத்தார்கள். தொண்டைத் தசைக்குப் பயிற்சி கிடைத்து, பகல் தூக்கம் குறைந்தது. பக்கத்தில் படுத்தவர்களும் நிம்மதியானார்கள். 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு. 2017-ல் இக்நோபல் பரிசும் கிடைத்தது, அதுவும் அமைதிக்கான பரிசு! ஆனால் முதல் மாதப் பயிற்சியைக் கேட்டால் குறட்டையே தேவலை என்பீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கற்றுக்கொள்ள வழி? (பம்மல்)

டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா போட்டு, குமிழி அறுந்துபோகாமல் ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுத்துப் பாருங்கள். புரை ஏறும்போது ஒத்துக்காரர் அருமை தெரியும். எங்காவது கல்யாணத்தில் ஒத்தோடு மேளச் செட்டு வந்தால், பந்திக்கு ஓடாமல் ஐந்து நிமிடம் அவர் பக்கம் நில்லுங்கள்.