கண்ணுல தூசியாம்ல, மாப்புள?

கண்டி டவுன்ல சாத்துன ரூமுக்குள்ள தூசி எங்கேருந்துடா வந்துச்சு? ராத்திரி போன்ல ‘ஹரிதாஸ்’ பாத்தியாம், மூக்கை உறிஞ்சினியாம். உன் கூட்டாளி எல்லாத்தையும் சொல்லிட்டான். படத்துல பாட்டு வந்தா விரலால தள்ளிவிடுற ஆளு நீ. “பேசிக்கிட்டிருந்தவன் எதுக்கு மாமா திடீர்னு பாடுறான்?”னு என்னையே மடக்கினவன். 1944ல வந்த படம், ஹீரோ பாகவதர் வாயைத் தொறந்தா பாட்டு; அதுவா உன்னைச் சாய்ச்சுது?

வெக்கப்படாத. மெட்ராஸ் பிராட்வே கொட்டகையில மூணு தீபாவளி கண்ட படம் அது. படம் ஓடிக்கிட்டிருக்கப்பவே பாகவதரை லட்சுமிகாந்தன் கொலைக்கேசுல உள்ள போட்டாங்க. வெளிய வந்தது 1947ல. ஆளு கம்பிக்குள்ள, குரல் கொட்டகைக்குள்ள. அது தெரிஞ்சும் சனம் காசு குடுத்துப் போய் அழுதுச்சு. உனக்கு மட்டும் என்ன கொம்பா?

பாட்டே பிடிக்காதுங்கிறது பொய்டா. சும்மா வந்து நிக்கிற பாட்டுத்தான் உனக்குப் பிடிக்காது. ஆத்தா ஆஸ்பத்திரியில கெடக்க, மகன் சுவிட்சர்லாந்து பனியில ஆடினா எனக்கும் ஆகாது. அந்த நேரம் பாத்துத்தான் நாங்க பீடி பத்தவைக்க வெளிய போவோம். ‘ஹரிதாஸ்’ல பெத்தவங்களை வெரட்டினவன் எல்லாத்தையும் தொலைச்சுட்டு வந்து நிக்கிறான். ‘மன்னிச்சுக்கங்க’ன்னு வசனமா சொன்னா ஒரு மூச்சுல முடிஞ்சிரும், நீயும் நம்ப மாட்ட. பாட்டுன்னா அதையே திருப்பித் திருப்பிச் சொல்லலாம், உள்ளேயிருக்க வீம்பு கரையிற மட்டும். பாபநாசம் சிவன் சும்மாவா எழுதினாரு?

மாசி மாசம் நம்ம லயத்துக் காமன் கூத்தை மறந்துட்டியா? காமன் எரிஞ்சதும் ரதி பாடி அழுவா. ரதின்னா யாரு, மீசை மழிச்ச தடம் தெரியிற ஆம்பள! அதுக்கே பொம்பளைங்க முந்தானையால மூக்கைத் தொடைக்குங்க, உங்க ஆத்தாதான் மொத ஆளு. கலஹா பஸ் போற பேராதனைக் கேம்பஸ்ல புரொபசரா இருந்தவங்கதான் சரச்சந்திரவும் வித்தியானந்தனும். அவரு 1956ல ‘மனமே’ நாடகம் போட்டாரு, இவரு 1964ல ‘இராவணேசன்’ போட்டாரு. ரெண்டும் பாட்டும் ஆட்டமும்தான். புரொபசர் பாடவச்சா கலை, நாம பெரட்டுக்களத்துல பாடினா கூத்தடிக்கிறதா?

ஆனா மாப்புள, அழவச்சது பாகவதர் மட்டும்தானான்னு எனக்கொரு சந்தேகம். பொங்கலுக்கு நீ வரல. தேருக்கும் வரல. உங்கப்பன் கொழுந்து நிறுக்கிற எடத்துல நின்னு, “புள்ளைக்குக் கடையில லீவு குடுக்கல”ன்னு யாரும் கேக்காமலே சொல்லித் திரியிறான். போயாவுக்குக் கடை பூட்டுறது அந்தாளுக்குத் தெரியாதா என்ன?

வர்ற போயாவுக்கு பஸ் ஏறு. இஸ்தோப்புலதான் உக்காந்திருப்பான். பக்கத்துல போய் நில்லு, போதும். பாட மட்டும் ஆரம்பிச்சிராத. அந்தாளுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி.