மஞ்சள் சட்டை போட்டால் சிஎஸ்கேவா?

உலகக் கோப்பை கால்பந்து ஜூன் 11-ல் ஆரம்பம். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என மூன்று நாட்டில் 48 அணிகள், 104 ஆட்டங்கள். இந்த வாரத் தபாலில் பாதி ஜெர்சிக் கேள்விதான். அதிலும் வ. புதுப்பட்டிக்காரர்கள் தனிக் கட்டாகவே அனுப்பியிருக்கிறார்கள்.

பையன் அர்ஜென்டினா ஜெர்சி கேட்டு ஒற்றைக்காலில் நிற்கிறான். கம்பெனிக் கடையில் ஐயாயிரத்துக்கு மேல். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரோட்டோரம் தொங்குவது முந்நூறு. என்ன வித்தியாசம் அண்ணாச்சி?
*– ஒரு தகப்பன், வ. புதுப்பட்டி*

முதல் வித்தியாசம் நாலாயிரத்து எழுநூறு ரூபாய். அடுத்தது பில். 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட சட்டைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்குள் இருந்தால் 5. ரோட்டோரத்தில் பில்லே கிடையாது.

கம்பெனி சரக்கிலும் இரண்டு ரகம் உண்டு. ஆட்டக்காரர்கள் போடுகிற பிளேயர் வெர்ஷன் உடம்போடு ஒட்டிப் பிடிக்கும். நம்மைப் போன்ற தொப்பைக்காரர்களுக்கான ஃபேன் வெர்ஷன் கொஞ்சம் தளர்வு. பெரும்பாலும் விலை கூடின பிளேயர் வெர்ஷனில்தான் லோகோவைச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள், விலை குறைந்ததில் நூல் தையல். 'தையல் லோகோ சார், அசல் மெஸ்ஸி போடுறது' என்று ஒருவர் விற்றால், அவர் மெஸ்ஸியையும் பார்த்ததில்லை, ஜெர்சியையும் பார்த்ததில்லை. துணி எல்லாம் பாலியெஸ்டர்தான். பையனுக்குப் பத்து வயசு என்றால் அடுத்த வருஷமே சட்டை பத்தாது. முந்நூறோடு நில்லுங்கள்.

ஃபர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பி, தாய்லாந்து குவாலிட்டி என்று ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் சொல்கிறார்கள். வாங்கலாமா?
*– கல்லூரி மாணவர், ராஜபாளையம்*

முந்நூறு ரூபாய்க்காரர் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் விலையே உண்மையைச் சொல்லிவிடுகிறது. அசல் மாதிரி நடித்து இரண்டாயிரம் பிடுங்குகிறாரே, அங்கேதான் உஷார். சட்டையின் உட்பக்க லேபிளில் பொடி எழுத்தில் ஒரு சரக்கு எண் இருக்கும். அதை போனில் தட்டித் தேடுங்கள். அர்ஜென்டினா சட்டைக்குள் இருக்கும் எண்ணுக்கு ஏதோ ஒரு ஷூ வந்து நின்றால் மடித்துத் திருப்பிக் கொடுங்கள். முத்திரைக்கு மேலே நட்சத்திரத்தையும் எண்ணுங்கள். அர்ஜென்டினாவுக்கு 1978, 1986, 2022 என்று மூன்று. இரண்டே நட்சத்திரத்தோடு 'புது மாடல்' என்றால் அது 2022 வெற்றிக்கு முந்தின டிசைன். உருகுவே சட்டையில் நான்கு இருந்தால் பதற வேண்டாம். உலகக் கோப்பை ஜெயித்தது 1930, 1950 என இரண்டுதான். 1924, 1928 ஒலிம்பிக் தங்கங்களையும் சேர்த்துக் குத்திக்கொள்கிறார்கள்.

டூப்ளிகேட் வாங்குவது குற்றமா?
*– ஆசிரியை, ஸ்ரீவில்லிபுத்தூர்*

1999-ம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம் விற்பவரைத்தான் பிடிக்கும்: ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். வாங்கி உடுத்துகிறவர் தப்பித்துக்கொள்வார்.

ஆனால் டீச்சர், எங்கேயோ கிண்டின இனிப்பை 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்று டப்பாவில் போட்டு விற்றால் உங்கள் ஊருக்குக் கோபம் வருமா, வராதா? வந்ததால்தானே 2019-ல் புவிசார் குறியீடு வாங்கினோம்? கம்பெனிக்காரன் கோபமும் அதே கோபம்தான். இதற்கு ஒரு வழி இருக்கிறது: லோகோ இல்லாத வெள்ளை, வெளிர்நீலப் பட்டை பனியன். சட்டப் பிரச்சினையும் இல்லை, பர்சுக்கும் பாரமில்லை.

பிரேசில் ஜெர்சி போட்டு வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினேன். 'என்னப்பா, சிஎஸ்கேவா?' என்கிறார் கண்டக்டர். இதற்கு என்ன பதில்?
*– பிரேசில் வெறியர், வ. புதுப்பட்டி*

முதுகில் 7 வேறு போட்டிருந்தீர்களா? அப்படியானால் கண்டக்டர் மேல் தப்பே இல்லை.

அடுத்த தடவை கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பிரேசில் முதலில் ஆடியது வெள்ளைச் சட்டையில். 1950-ல் சொந்த மண்ணில், மரக்கானா மைதானத்தில், உருகுவேயிடம் 2-1 என்று தோற்றுக் கோப்பையைக் கோட்டைவிட்டார்கள். பழி சட்டை மேல் விழுந்தது. ராசியில்லாத வெள்ளையை மாற்ற ஒரு பத்திரிகை போட்டி வைத்தது. கொடியின் நான்கு நிறமும் வர வேண்டும் என்பது நிபந்தனை. 1953-ல் ஜெயித்தவர் ஆல்டிர் ஷ்லீ என்ற 19 வயதுப் பையன். மஞ்சள் சட்டை, பச்சைக் கழுத்து, நீல டிரவுசர், வெள்ளை சாக்ஸ். அவர் வளர்ந்தது உருகுவே எல்லையோரத்தில். கடைசிவரை ஆதரித்ததும் உருகுவேயைத்தான்!

கண்டக்டர் இவ்வளவையும் கேட்பாரா என்றால், வத்திராயிருப்பு வருவதற்குள் முடித்துவிடலாம்.

டூப்ளிகேட் சட்டை போட்டுக்கொண்டு கோப்பை ஜெயிக்க முடியுமா?
*– குசும்புக்காரர், கூமாப்பட்டி*

கிட்டத்தட்ட ஜெயித்தே இருக்கிறார்கள். 1986, மெக்சிகோ. காலிறுதியில் இங்கிலாந்தோடு அர்ஜென்டினா நீலச் சட்டையில் ஆட வேண்டும். கையிலிருந்த நீலம் வியர்வையில் ஊறிக் கனக்கிற ரகம். ஆட்டமோ உச்சி வெயிலில். வேறு தைத்து அனுப்பக் கம்பெனிக்கு நேரமில்லை. பயிற்சியாளர் பிலார்டோ ஆளனுப்பி மெக்சிகோ சிட்டி கடைகளில் சட்டை தேட வைத்தார். வந்ததில் ஒன்றை மரடோனா பிடித்திருக்கிறது என்றார், அதுவே முடிவானது. ராவோடு ராவாக முத்திரையைத் தைத்தார்கள். அவசரத்தில் முத்திரையின் இலை வளையம் விட்டுப்போனது. முதுகில் ஒட்டியது அமெரிக்கன் ஃபுட்பாலுக்கான மினுமினு வெள்ளி நம்பர். கம்பெனி அசல்தான் என்றாலும், கடையில் தொங்கின சட்டை, வெளியாள் தைத்த முத்திரை. நம்ம ஊர் டெய்லர் கொடுத்தால் 'என்ன இது' என்று சண்டைக்குப் போயிருப்போம்.

ஜூன் 22 அன்று அந்தச் சட்டையில்தான் மரடோனா கையால் ஒரு கோல், ஐந்தாறு பேரை ஏமாற்றிக் காலால் ஒரு கோல். 2022 மே மாதம் லண்டன் ஏலத்தில் அது போன விலை 71 லட்சம் பவுண்டுக்கு மேல். அன்றைய கணக்கில் 65 கோடி ரூபாய்க்குக் குறையாது. ஆட்டம் நடந்த அதே அஸ்டெகா மைதானத்தில்தான் இந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டமும்.

எங்கள் டீமுக்குப் பதினைந்து ஜெர்சி வேண்டும். நம்பர் உரியக் கூடாது.
*– கால்பந்து குழு, வ. புதுப்பட்டி*

மேலே ஒட்டுகிற ஸ்டிக்கர் நம்பர் வேண்டாம், சப்ளிமேஷன் பிரிண்ட் கேளுங்கள். டிசைனை முதலில் காகிதத்தில் அடித்து, சூட்டில் பாலியெஸ்டர் துணிக்குள் இறக்குவார்கள். சாயம் நூலிலேயே ஏறிவிடுவதால் உரிய அங்கே ஒன்றுமில்லை. காட்டனில் இது நிற்காது. திருப்பூரில் செய்து தருகிறவர்கள் நிறைய; வாட்ஸ்அப்பில் டிசைன் போனால் போதும். பணம் கட்டுமுன் ஒரே ஒரு சாம்பிள் வரவழையுங்கள். பத்தாம் நம்பர் யாருக்கு என்ற சண்டையையும் அதற்குள் முடித்துவிடுங்கள். ஸ்டிக்கர் சட்டை ஏற்கெனவே இருந்தால் உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் துவைக்கச் சொல்லுங்கள். அம்மா கல்லில் நாலு சாத்து சாத்தினால் 10 என்பது 1 ஆகிவிடும்.

நம்ம இந்தியா ஜெர்சி எங்கே கிடைக்கும்?
*– தேசபக்தர், ராஜபாளையம்*

கிடைக்கும், ஆனால் இந்தக் கோப்பைக்கு இல்லை. 2024 ஜூனில் கத்தாரிடம் 2-1 என்று தோற்று வெளியே வந்துவிட்டோம். பந்து கோட்டைத் தாண்டின பிறகு இழுத்துப் போட்ட கோலையும் நடுவர் கொடுத்தார், அந்த வயிற்றெரிச்சல் தனி. குராசோ என்ற தீவு தகுதி பெற்றிருக்கிறது. அங்கே ஜனத்தொகை ஒன்றரை லட்சம் சொச்சம். 2011 கணக்கெடுப்பில் உங்கள் ராஜபாளையம் நகராட்சியே 1,30,000-ஐத் தாண்டியது. மேற்கொண்டு நான் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் கண்மாயில் மெஸ்ஸிக்குக் கட்-அவுட் வைக்கலாமா?
*– ரசிகர் மன்றம், வ. புதுப்பட்டி*

2022-ல் கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடி வைத்தார்கள். பிரேசில் கோஷ்டி நெய்மாருக்கு 40 அடி வைத்தது. ரொனால்டோ அதையும் மீறி எழுந்தார். ஃபிஃபாவே படம் பகிர்ந்தது. ஆற்றோட்டம் தடைபடும் என்று புகாரும் போனது. ஃப்ளெக்ஸ் ரேட்டைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஜெர்சிக்குப் பதில் பந்து வாங்கித் தரலாமா?
*– பி.டி. வாத்தியார், வத்திராயிருப்பு*

தாராளமாக. கோப்பைப் பந்தின் பெயர் டிரையோண்டா. அதன் அசல் நம் சீமைக்கருவேல முள்ளுக்கு ஒரு நாள் தாங்காது. ஜலந்தர் சரக்கில் மோல்டட் ரப்பர் பந்து போதும். பெரியவர்களுக்கு சைஸ் 5, எட்டிலிருந்து பன்னிரண்டு வயசுக்கு 4. காற்றடிக்கும் ஊசி இரண்டு சேர்த்து வாங்குங்கள், ஒன்று கட்டாயம் தொலையும். ஒரு ஜெர்சியை ஒருத்தன்தான் போட முடியும். பந்து வாங்கினால் தெருவே ஆடும்.

எப்போது வாங்கினால் மலிவு?
*– கஞ்சன், ஊர் பெயர் வேண்டாம்*

இறுதி ஆட்டம் நம் நேரத்துக்கு ஜூலை 20, திங்கள் அதிகாலை 12.30. தோற்ற அணிகளின் சட்டை அதற்குப் பிறகு இறங்கும். ஜெயிக்கிற அணிச் சட்டைக்கு மட்டும் காத்திருக்காதீர்கள்: 2022 டிசம்பரில் மெஸ்ஸி சட்டை உலகம் முழுக்கக் கம்பெனிக் கடைகளிலேயே தீர்ந்துபோனது.