கப்பலுக்கு நேரமாச்சு

முடிகிறவரை ஆடலாம், நாள் கணக்கே கிடையாது என்று சொல்லித்தான் 1939 மார்ச் 3ஆம் தேதி டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் ஆட்டத்தை ஆரம்பித்தார்கள். தொடரில் இங்கிலாந்து 1-0 முன்னிலை. கடைசி டெஸ்டில் யாராவது ஜெயித்தே தீரவேண்டும், டிரா என்ற பேச்சே கூடாது என்பது பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்த ஏற்பாடு. அந்தப் பேச்சுவார்த்தைக்கு மழையைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். கப்பல் கம்பெனியையும்.

நாள் கணக்கு இல்லை என்றால் யாருக்கு என்ன அவசரம்? தென்னாப்பிரிக்காவின் வாண்டர் பைல் 125 ரன் எடுக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் நம் ஊரில் ஒரு கல்யாணம் முடிந்து, பந்தி முடிந்து, பந்தலையும் பிரித்திருப்பார்கள். அணி மொத்தம் 530. இங்கிலாந்து 316. தென்னாப்பிரிக்கா மறுபடியும் வந்து 481. இங்கிலாந்து ஜெயிக்க வேண்டியது 696.

696! ஐந்தாறு நாள் மிதிபட்ட பிட்ச் வெடித்து, பந்து பாம்பாய்ச் சீறும், ஆட்டம் முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் இரவில் மழை வந்தது. காலையில் உருளையை உருட்டினால் பிட்ச் மார்க்கண்டேயன் மாதிரி மறுபடி பதினாறு வயதில் நின்றது. பாவம், பந்து வீசியவர்கள்தான் கிழவர்களானார்கள். நார்மன் கார்டன் அந்த ஆட்டத்தில் 738 பந்து போட்டார். கிடைத்தது ஒரே ஒரு விக்கெட். மனிதர் பிறகு 103 வயது வரை இருந்தார். அந்தப் பொறுமைக்கு முன்னால் எமனே சலித்துப்போயிருக்க வேண்டும்.

அந்தத் தொடரில் அதுவரை சரியாக ஆடாத இங்கிலாந்தின் பில் எட்ரிச் 219 அடித்தார். கிப் 120, கேப்டன் ஹாமண்ட் 140. நடுவில் ஒரு நாள் முழுக்க மழை தின்றது. இரண்டு ஞாயிறு ஓய்வு. மார்ச் 14ஆம் தேதி தேநீர் நேரத்தில் இங்கிலாந்து ஐந்து விக்கெட்டுக்கு 654. இன்னும் 42 ரன்தான். எட்டிப் பறிக்கிற உயரத்தில் பழம்.

வானம் திறந்துகொண்டது.

நாளைக்கு ஆடலாமே என்கிறீர்களா? ஆடலாம்தான். ஆனால் 'அத்லோன் காசில்' கப்பல் 17ஆம் தேதி கேப் டவுனில் கிளம்புகிறது. அங்கே போய்ச் சேர டர்பனிலிருந்து இரண்டு நாள் ரயில் பயணம். மானம் கப்பலேறியது என்பார்கள்; இங்கே கைக்கெட்டிய வெற்றியே கப்பலேறிப் போய்விட்டது. காலவரையறை இல்லாத ஆட்டம் நேரமில்லாமல் டிரா ஆனது. கிரிக்கெட் பெரியவர்கள் அதோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த வகை டெஸ்ட் அதற்குப் பிறகு கிடையாது.

மழை மட்டும் தென்னாப்பிரிக்காவை விடவில்லை. 1992 உலகக் கோப்பை அரையிறுதி, சிட்னி: 13 பந்தில் 22 ரன் வேண்டும் என்று நின்றவர்களைப் பன்னிரண்டு நிமிட மழையால் ஒரு பந்துக்கு 22 என்று பலகையில் போட்டுக் காட்டினார்கள். அது பிழை, உண்மையில் 21தான் என்பது தனி ஆறுதல்.

பிறகு டக்வொர்த், லூயிஸ் என்ற இருவர் உட்கார்ந்து நியாயமான கணக்கு ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். 2003 உலகக் கோப்பை. அதே கிங்ஸ்மீட், அதே மார்ச் 3. எதிரே இலங்கை, மேலே கருமேகம். 45 ஓவர் முடிவில் 229 இருந்தால் போதும் என்று பெவிலியனிலிருந்து சேதி வந்தது. முரளிதரன் பந்தை பவுச்சர் சிக்ஸருக்குத் தூக்கினார். சரியாக 229. அந்த ஓவரில் மிச்சம் ஒரு பந்து. ரன் எதற்கு, விக்கெட் போகாமலிருந்தால் சரி என்று பவுச்சர் அழகாக ஒரு டொக்கு வைத்தார். மழை கொட்டியது. எல்லோரும் சந்தோஷமாக உள்ளே ஓடினார்கள்.

உள்ளே போய்த் தாளைச் சரியாகப் படித்தார்கள். 229 என்பது சமன். ஜெயிக்க 230.