வருஷம் பார்த்து வம்புக்கு இழுப்பவர்

அமெரிக்கப் புறநகர்களில் ஒரு வகை மனிதர் உண்டு. புது ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வாசலுக்கு வந்த கையோடு, பக்கத்து வீட்டுக் கராஜில் உறை போர்த்திக் கிடக்கும் 1975 கார்வெட்டின் மேல் அவருக்குத் தனி அக்கறை பிறந்துவிடும். "அது ஸ்போர்ட்ஸ் காராம்! என் லாரியே அதை முந்திவிடும்" என்பார். கணக்கு என்னவோ சரிதான். அந்தக் கார்வெட்டின் 5.7 லிட்டர் அடிப்படை எஞ்சின் தந்தது 165 குதிரைத்திறன். இவருடைய 2.7 லிட்டர் டர்போ எஞ்சின் தருவது 325. வண்டியின் எடை கூடுதல் என்றாலும் நேர்ச்சாலையில் வெற்றி இவருக்கே. எழுபத்தைந்து வயதுத் தாத்தாவை ஓட்டப்பந்தயத்துக்கு அழைத்து வென்றவரின் பெருமிதம் அது.

இவருடைய திறமை வண்டி ஓட்டுவதில் இல்லை, வருஷம் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது என்பது என் கட்சி. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக எஞ்சினின் அழுத்த விகிதத்தைக் குறைத்து, வினையூக்கி மாற்றியையும் மாட்டி, கார்வெட் மூச்சுத் திணறிய வருஷம் 1975. 490 குதிரைத்திறனோடு வந்த 2020 கார்வெட் தெருவில் போனால் இவருக்குச் சட்டென்று வானிலை பற்றிப் பேசத் தோன்றும்.

பிக்கப் வேகமாகவே போகாதா என்று கேட்கலாம். போகும். 1991-இல் ஜிஎம்சி சைக்ளோன் என்ற பிக்கப், ஒரு பத்திரிகை நடத்திய கால் மைல் ஓட்டத்தில் ஃபெராரி 348-ஐயே முந்தியது. நம்மவருக்கு இது மனப்பாடம். ஆனால் அந்த வண்டியில் 500 பவுண்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று தயாரித்தவர்களே சொன்னார்கள். நாலு சிமெண்ட் மூட்டை ஏற்றினாலே கிட்டத்தட்ட முடிந்தது கதை. ஃபெராரியை ஜெயிக்க லாரி தன் லாரித்தனத்தையே அடகு வைக்க வேண்டியிருந்தது. இந்தப் பகுதி மட்டும் அவர் நினைவில் தங்குவதில்லை.

எஃப்-150 அப்படியல்ல, நிஜமாகவே பாரம் இழுக்கும் என்பது அடுத்த ஆட்சேபம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் வைக்கோலும் பலகையும் ஏற்றுகிறவருக்குக் கார்வெட்டைப் பற்றி நினைக்க நேரமில்லை. நம்மவரோ, பின்தொட்டியில் கீறல் விழக் கூடாதென்று விரிப்பு போட்டு, அதற்கு மேல் மூடியும் போட்டிருக்கிறார்.

கார்வெட்காரர் மட்டும் யோக்கியரா? "1970-இல் இதே 5.7 லிட்டருக்கு 300 குதிரை!" என்பார் அவர். அது வண்டியில் பொருத்தாமல், பாரமெல்லாம் கழற்றி அளந்த கணக்கு. 1972-இல் அளக்கும் முறையே மாறிவிட்டது என்பதை மட்டும் விழுங்கிவிடுவார். அவருக்கும் வருஷம்தான் ஆயுதம்.

பழைய கார்க் கண்காட்சிக்குக் கார்வெட் தன் காலில் போவதில்லை. டிரெய்லரில் ஏறித்தான் போகும். இழுத்துப் போவது பக்கத்து வீட்டு பிக்கப். வாங்கியதிலிருந்து அது செய்யும் ஒரே லாரி வேலை அதுதான். அன்றைக்கும் நம்மவர், வழி நெடுக முன்னால் போனது தன் வண்டிதான் என்பதைக் கண்காட்சியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் காபி குடிப்பார்.