பார்சல் ட்ரே ஒலியியல்: ஒரு முன்னாய்வு

ஆடலரங்கு எப்படி அமைய வேண்டும் என்பதைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அளவோடு சொல்லிவிட்டது: 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். கோல் என்றால் 24 பெருவிரல். தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பது வரை இளங்கோவடிகள் கவலைப்பட்டிருக்கிறார். ஆனால் மாருதி 800-இன் பின்சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓவல் ஸ்பீக்கரை எப்படி வைப்பது என்பது பற்றி எந்தக் காப்பியமும் வாய் திறக்கவில்லை. உரையாசிரியர்களும் நழுவிவிட்டார்கள். அந்தப் பெருங்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வெல்லை

1983 டிசம்பரில் முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கையளித்த நாள் தொடங்கி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது வரை, 25 லட்சத்துக்கும் மேற்பட்ட மாருதி 800கள் நாட்டில் ஓடின. நீளம் 3,335 மில்லிமீட்டர், அகலம் 1,440. இந்த அளவுக்குள் ஐந்து பேர், ஒரு ஸ்டெப்னி, ஊருக்குப் போகும் மூட்டைகள், அது போக இசை. டிக்கிக்கு மேல் கிடக்கும் பார்சல் ட்ரேதான் நமது ஆய்வுக்களம். அதன் முந்தைய குடிகளான டிஷ்யூ பெட்டி, குடை, தலையாட்டும் நாய்ப் பொம்மை ஆகியவற்றின் நில உரிமை தனி ஆய்வுக்குரியது, இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

கருதுகோள்

பின் ஸ்பீக்கருக்குக் காசு கொடுப்பவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கிறார். அதன் ஓசையை வாங்கிக்கொள்ளும் பிடரி பின்சீட்டுக்காரருடையது. அதன் அழகை ரசிப்பவரோ சிக்னலில் பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர். ஸ்பீக்கர் பெட்டியில் கம்பெனிப் பெயர் எந்தப் பக்கம் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது, இரவில் எந்தப் பக்கம் பார்த்து எரிகிறது என்று கவனித்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆக, பின் ஸ்பீக்கர் என்பது மூன்று பேருக்கிடையே தீராத ஒரு பாகப்பிரிவினை. அதை ஒலியியலால் மட்டும் தீர்க்க முடியாது. ஒலியியல் இல்லாமலும் முடியாது.

இருபெரும் கொள்கையர்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற கார் அலங்காரத் தெருக்களில் இரண்டு தரப்பைக் காணலாம். பின்தட்டுக் கொள்கையர், “ட்ரேயில வெட்டிப் போட்டாத்தான் சார் பேஸ் இறங்கும், மேக்னெட்டைப் பாருங்க” என்று ஸ்பீக்கரைக் கவிழ்த்துக் காட்டுவார்கள். முன்கதவுக் கொள்கையர் பேசும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பாட்டு முன்னாலிருந்து வர வேண்டும், கச்சேரிக்குப் போய் மேடைக்கு முதுகு காட்டி யாராவது உட்காருவார்களா என்பது அவர்கள் கேள்வி.

இந்த இரண்டாம் தரப்புக்கு ஜெர்மானியச் சான்று உண்டு. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1949-இல் ஹெல்முட் ஹாஸ் செய்த முனைவர் பட்ட ஆய்வு காட்டியது இது: ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சில மில்லிசெகண்டு இடைவெளியில் வந்தால், முதலில் வந்தது எங்கிருந்து வந்ததோ மொத்தமும் அங்கிருந்தே வருவதாகக் காது முடிவு செய்துவிடும். பின்னால் வந்தது கொஞ்சம் உரக்க இருந்தாலும் முடிவு மாறாது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. ஒரு மீட்டர் கடக்க மூன்று மில்லிசெகண்டு கூட ஆகாது. ஓட்டுநரின் காதுக்கு முன்கதவு பக்கம், பின்தட்டு தூரம். ஆகவே முன்னால் ஒரு நல்ல ஸ்பீக்கர் இருந்தால் எஸ்.பி.பி. டேஷ்போர்டின் மேல் நின்று பாடுவார். முன்னால் ஒன்றுமில்லாமல் பின்னால் மட்டும் போட்டால் டிக்கிக்குள் ஸ்டெப்னியோடு படுத்துக்கொண்டு பாடுவார். எந்தப் பாடகருக்கும் இந்நிலை வரக்கூடாது என்பது இவ்வாய்வாளரின் தனிப்பட்ட கருத்து.

ஆனாலும் பின்தட்டுக் கொள்கையரை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 6-க்கு 9 அங்குல ஓவலின் பரப்பு, 7 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரு வட்ட ஸ்பீக்கருக்குச் சமம். அவ்வளவு பெரிய வட்டம் சின்னக் காரின் முன்கதவில் ஏறாது. ஏற்றினால் கண்ணாடி இறங்காது. மேலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே போன பேஸ் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது. எனவே குரல் முன்னால், பேஸ் பின்னால் என்று எல்லை போட்டுக் கொடுத்தால் இரு தரப்பும் ஒரே காரில் குடித்தனம் நடத்தலாம்.

காற்றின் கணக்கு

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் சந்தித்துக்கொண்டால் பேஸ் பூஜ்யம். அவற்றைச் சந்திக்க விடாத சுவர்தான் பார்சல் ட்ரே. ஆனால் மாருதியின் ட்ரேக்கும் சீட் முதுகுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். டிக்கியைத் திறந்தால் ட்ரே கயிற்றில் தொங்கி எழும். சுவருக்கு உரிய இலக்கணம் இரண்டும் அதனிடம் இல்லை.

போதாக்குறைக்கு அது பாடவும் செய்யும். மெல்லிய அட்டையில் ஓட்டை போட்டு, ஜோடி மூன்று நான்கு கிலோ வரும் ஸ்பீக்கரை முடுக்கினால், மற்ற ஸ்வரங்களுக்கெல்லாம் சும்மா இருக்கும் ட்ரே, பேஸ் கிட்டாரின் ஒரு குறிப்பிட்ட நோட்டுக்கு மட்டும் ‘டர்ர்ர்’ என்று சேர்ந்துகொள்ளும். அது ட்ரேயின் சொந்தச் சுருதி. சில சமயம் குற்றவாளி ட்ரேகூட அல்ல: வலை மூடிக்கும் கூம்புக்கும் நடுவே விழுந்து கிடக்கும் ஒரு ஹேர்பின். பாட்டை ஓடவிட்டு, ட்ரேயை உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பதே இதைக் கண்டறியும் முறை. அழுத்தினால் நின்றால் பலகைக் கோளாறு. நிற்காவிட்டால் ஹேர்பினைத் தேட வேண்டும்.

பரிகாரம் தச்சரிடம் இருக்கிறது. அட்டையைத் தூக்கிவிட்டு 12 அல்லது 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை அதே வடிவில் அறுத்து, ஓரமெல்லாம் ஃபோம் டேப் ஒட்டி, இடைவெளியை அடைத்து, பாடியோடு திருகிவிட வேண்டும். திருகு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. சடன் பிரேக்கில் கழன்று வரும் பலகைக்குப் பின்சீட்டுக்காரரின் தலை எங்கிருக்கிறது என்று நன்றாகத் தெரியும்.

அடுத்தது வயர். ஒரு பக்கம் மட்டும் பிளஸ் மைனஸ் மாறிவிட்டால், இடது கூம்பு முன்னால் வரும்போது வலது கூம்பு பின்னால் போகும். பேஸ் காணாமல் போகும். செட்டிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ட் பேனா டார்ச் செல்லை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டால் போதும். ‘டப்’ என்று கூம்பு வெளியே எட்டிப் பார்த்தால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். புது ஸ்பீக்கருக்குச் செலவழிக்கத் தயாராக இருப்பவர்களில் பலருக்கு இந்த ஒரு ‘டப்’ போதுமானது.

காரின் சிறுமையும் இங்கே வரமாகிறது. கேபின் நீளம் 2 மீட்டர் என்று கொண்டால், சுமார் 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே காரே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். கண்ணாடியை இறக்கினால் அது தெருவுக்குப் போய்விடும். தெருவுக்குப் போக வேண்டும் என்பதற்காகவே இறக்குபவர்கள் நமது கருதுகோளின் மூன்றாம் தரப்பில் அடங்குவர்.

வாட் பற்றிய ஆய்வு

செட்டின் நெற்றியில் ‘50 வாட் பெருக்கல் 4’ என்றிருக்கும். வண்டி ஓடும்போது மின்சாரம் 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். தனி ஆம்ப் இல்லாத செட், சிதையாத அலையாக ஒரு ஸ்பீக்கருக்குத் தரக்கூடிய உச்சம், பள்ளிக்கூடக் கணக்குப்படியே 26 வாட். மீதி 24 வாட் நெற்றியிலேயே தங்கிவிடுகிறது. பி.எம்.பி.ஓ. என்று நாலிலக்கத்தில் எழுதியிருப்பதன் அலகு விற்பவரின் மனசாட்சி. அதை அளக்கும் கருவி ஆய்வகங்களில் இல்லை.

பரிந்துரை

முதலில் முன்னால் நல்லதாக ஒரு ஜோடி. பின்னால் ஓவல், கெட்டிப் பலகையில். ஃபேடரை முன்பக்கம் சில புள்ளி தள்ளி, பின்னால் பாடல் வரிகள் புரியாத அளவுக்கு வைத்துவிட்டால் ஓட்டுநருக்குப் பேஸும் பின்சீட்டுக்காரருக்கு உறக்கமும் கிடைக்கும். ட்ரேயில் மேல்நோக்கிப் போட்ட ஸ்பீக்கரின் கீச்சொலி பின்கண்ணாடியில் பட்டுத் திரும்புவதால், ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

இம்முடிவுகள் ட்ரே காலியாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். குலதெய்வம் கோயிலிலிருந்து திரும்பும் வழியில் வலது ஸ்பீக்கர் மேல் மாலையும் இடது ஸ்பீக்கர் மேல் புளியோதரை டப்பாவும் இருக்கும்போது ஸ்டீரியோ சமநிலை என்ன ஆகிறது என்பதை அளக்க, டப்பாவை நகர்த்த அனுமதி கிடைக்கவில்லை.