தோள்ல ஏறுற சைக்கிள்

வாடா பேராண்டி. புது சைக்கிளுக்கு ரெண்டு லட்சம் கொடுத்துட்டு, பொண்டாட்டிகிட்ட எண்பதாயிரம்னு சொல்லியிருக்கியாமே? நான் வாயைத் திறக்கல. ராத்திரிக்கு அந்தச் சப்பாத்தியை விட்டுட்டு ஒரு களி உருண்டை போடச் சொன்னா, இனிமேலும் திறக்க மாட்டேன்.

துரஹள்ளிக் காட்டுல நாலு ஞாயித்துக்கிழமை உருண்டு எந்திரிச்சதும் தென்னாப்பிரிக்காவுக்கே கிளம்பிட்ட. மண்டேலா பிறந்த சீமையாம், வைல்டு கோஸ்ட்டாம், 3 நாள் கடலோரமாவே ஓட்டுற இமானா வைல்டு ரைடாம். ராஜாவாட்டம் போ. ஆனா நீ காட்டுன வீடியோவை நானும் பார்த்தேன். ஏத்தம், பாறை, ஓடைன்னு வந்தா சைக்கிள் மனுசன் தோள்ல ஏறிக்குது. ரெண்டு மூட்டை தக்காளியை அட்லஸ்ல கட்டி ராயக்கோட்டை சந்தைக்கு மிதிச்சவன் நான். ஒரு நாளும் அது என்மேல ஏறுனதில்ல. லேசான சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு காசு கொட்டுறீங்கன்னு இப்பத்தான் விளங்குது.

ஒண்ணு மட்டும் கேட்டுக்க. கடலோரத்துல தொடையில வலு இருந்தா பத்தாது, வத்தம் எப்பன்னு தெரியணும். காஞ்ச மணல்ல டயர் புதைஞ்சு போகும். தண்ணி வத்தி, ஈரம் இறுகிக் கிடக்குற மணல்லதான் சக்கரம் உருளும். அந்த வத்தம் நாளுக்கு ரெண்டு தடவை, அதுவும் தினம் 50 நிமிசம் போல பிந்திப் பிந்தி வரும். முதல் நாள் காலையில ரோடா கிடந்த இடம், மூணாம் நாள் அதே நேரத்துக்கு தண்ணிக்குள்ள கிடந்தாலும் கிடக்கும். மேனேஜர்கிட்ட மெயில் போட்டு மாத்திக்க முடியாது.

அப்புறம் முகத்துவாரம். எல்லா ஆத்துக்கும் பாலம் போட்டு வைக்கல, சிலதைத் தண்ணியில இறங்கித்தான் கடக்கணும். புல் ஷார்க்குனு ஒரு சுறா, அது உப்புத் தண்ணியோட நிக்காம ஆத்துக்குள்ளயும் ஏறி வருமாம். வேகத்தைக் கணக்கு வைக்குற உன் ஸ்ட்ராவா ஆப்புல உச்ச வேகம் அங்கதான் பதிவாகும்.

கேப் எபிக்குன்னு அங்கேயே இன்னொரு சைக்கிள் போட்டியும் சொன்ன. 2004லேருந்து நடக்குது, 8 நாள், ஜோடியாத்தான் ஓட்டணும், ரெண்டு பேருக்கும் நடுவுல 2 நிமிசத்துக்கு மேல இடைவெளி விழுந்தா தண்டனை. பொண்டாட்டியோட மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குப் போனாலே ஒரு தெரு முன்னாடி நடக்குறவன் நீ!

அதனால முதல்ல கோகர்ணம் போ. ஓம் பீச்சைத் தாண்டி ஹாஃப் மூன், பாரடைஸ் பீச்சுக்கு பாறைமேல ஒத்தையடிப் பாதைதான், தூக்கிப் பழக தோதான இடம். ததடியில படகேறி அகநாசினி ஆத்தைக் கட. வத்த நேரத்தை மீன்காரங்ககிட்ட கேளு, உன் வாட்சுகிட்ட கேக்காதே. சாயங்காலமானா செயினை நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு எண்ணெய் போடு, உப்பு இரும்பைத் தின்னுடும். ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் அந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்காதே, மழையும் அலையும் பொல்லாதது.

கோகர்ணத்துக்கு நானும் வர்றேன், கார்வார் போற பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ்ல எனக்கும் ஒரு லோயர் பெர்த் போட்டுடு. பெரியவங்களுக்கு இருந்த சலுகையை 2020லயே நிறுத்திட்டாங்க, முழு டிக்கெட் காசும் நீதான் கட்டணும்.