வேடிக்கை பார்க்கும் உத்தியோகம்

தோட்டத்தில் அண்ணாந்து பார்க்கிறவருக்கு ஒருகாலமும் நல்ல பெயர் இருந்ததில்லை. மழை வருமா என்று துரை பார்க்கலாம், அது நிர்வாகம். கொழுந்தெடுக்கிறவள் பார்த்தால் வேடிக்கை. “என்னா, வானத்துல சினிமாவா ஓடுது?” என்று மேல் ரோட்டிலிருந்து கணக்கப்பிள்ளை குரல் கொடுப்பார். சாயந்தரம் தராசில் நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். நான் சொல்வது எழுபதுகளின் ஹட்டன் பக்கம்.

இன்று அந்த மேல் ரோட்டில் கொழும்பு வேன் நிற்கிறது. தேயிலையோடு தேயிலையாகத் தெரியவேண்டும் என்று இலைநிற உடுப்புப் போட்டவர்கள் இறங்குகிறார்கள். அண்ணாந்து பார்ப்பதற்கென்றே லீவு எடுத்து, பெற்றோல் அடித்து, வழிகாட்டிக்குக் கூலியும் கொடுத்து வந்தவர்கள். அவர்களை யாரும் அதட்டுவதில்லை. கணக்கப்பிள்ளையே வந்து, “காலையில ஒண்ணு அந்தப் பக்கம் பறந்திச்சுங்க” என்று கைகாட்டுகிறார். பென்ஷன் வாங்கிய வாத்தியாராகிய நானும் கழுத்தில் கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

அப்போது எங்கள் லயத்தில் பருந்து என்றால் கோழிக் கள்ளன். அரிசியும் மாவும் அருமையாகிப்போன 1974இல் ஒரு குஞ்சு பறிபோவது சின்ன விஷயமா? பெரியவர்கள் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போனதும் கைப்பிள்ளைகள் பிள்ளைக் காம்பரா என்ற காப்பகத்துக்குப் போகும். கொஞ்சம் வளர்ந்த எங்களுக்குக் கோழிக் காவல். சம்பளமில்லாத முதல் உத்தியோகம் அதுதான். கையில் ஒரு தகரமும் குச்சியும்.

அந்த உத்தியோகத்தில் எங்களுக்கு மேலதிகாரி தாய்க்கோழி. அது தலையை ஒருக்களித்து ஒற்றைக் கண்ணை வானத்துக்குக் கொடுக்கும். உயரத்தில் வட்டமடித்துக் கூவிக்கொண்டே போகிற பாம்புக் கழுகை அது ஒரு பொருட்டாக எண்ணாது. பார்த்துவிட்டு மறுபடி குப்பையைக் கிளறும். பாம்பும் ஓணானும் தின்கிற பறவைக்குத் தன் குஞ்சில் அக்கறை இல்லை என்று அதற்கு யார் சொன்னார்களோ! சத்தமே போடாமல் சவுக்கு மரங்களுக்கு நடுவே தாழ வருகிறதே குடுமிவைத்த பருந்துக்கழுகு, அதைக் கண்டால்தான் தொண்டைக்குள் நீளமாக ஒரு உறுமல். குஞ்சுகள் சிறகுக்குள் போய்விடும். நாங்கள் தகரத்தைத் தட்டுவோம். இன்று இரண்டையும் பிரித்தறிய என் கைத்தொலைபேசியில் ஒரு செயலி இருக்கிறது. சிக்னல் இருந்தால் சொல்லும். கோழிக்கு சிக்னல் தேவைப்படவில்லை.

அதற்கு முன்பும் தடையில்லாமல் அண்ணாந்து பார்த்தவர்கள் சிலர் இருக்கத்தான் செய்தார்கள். நுவரெலியாவில் பணிபுரிந்த இராணுவ வைத்தியர் கெலார்ட் 1852இலேயே இலங்கை விலங்குகள் பற்றிப் புத்தகம் போட்டார். பின்னால் வந்த பீரங்கிப் படைக் கப்டன் லெக், மலைக்காட்டுப் பருந்துக்கழுகு ஒன்றுக்கு 1878இல் அந்தக் கெலார்ட்டின் பெயரைச் சூட்டினார். 1955இல் பறவைக் கையேடு எழுதி, படங்களையும் தானே வரைந்த ஹென்றி தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். நானும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன்தான். அவர் பங்களாப் பக்கம், நான் லயத்துப் பக்கம்.

லெக் பெயர்வைத்த அந்தக் கழுகின் சங்கதி எனக்கு எப்போதும் சிரிப்பு மூட்டும். உலகத்தில் அது வாழ்வது இரண்டே இடத்தில்: இலங்கையிலும் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும். மலையகத் தமிழரான எங்கள் சனத்தின் விலாசமும் கிட்டத்தட்ட அதுதான். 1948இல் எங்கள் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, ஐந்தேகால் இலட்சம் பேர் அந்தப் பக்கம், மூன்று இலட்சம் பேர் இந்தப் பக்கம் என்று பிரித்தார்கள். மிச்சமாய் நின்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. கழுகிடம் மட்டும் எந்த அரசாங்கமும் நீ எந்த நாடு என்று கேட்கவில்லை. 2008இல் ஆய்வாளர்கள் அதன் உருவத்தையும் குரலையும் ஆராய்ந்து, இமயமலையில் இருப்பது வேறு, இது தனி இனம் என்று எழுதியபோதும், இரண்டு நாட்டையும் சேர்த்தே அதற்கு எழுதிக்கொடுத்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறிய என் சித்தப்பா குடும்பம் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மலைகளிலும் அதே கழுகு. அது விண்ணப்பம் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

விண்ணப்பம் என்றதும் படம் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டில் படம் எடுத்ததெல்லாம் கடதாசி வேலைக்குத்தான். ஹட்டன் டவுனில் ஸ்டூடியோ, இரவல் சட்டை, பின்னால் திரைச்சீலையில் வரைந்த தாஜ்மகால். “அசையாதே, பிலிமுக்குக் காசு” என்பார் படக்காரர். பறவையைப் படம் எடுக்கிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரைக் கோடங்கியிடம் கூட்டிப் போயிருப்பார்கள். இன்றோ ஒரு கழுகு கடந்துபோகும் நேரத்துக்குள் என் கமரா எடுத்துத்தள்ளுகிற படங்கள் எங்கள் மூன்று தலைமுறைக் கடதாசிக்கும் போதும். அவற்றில் பெரும்பாலானவை வெறும் வெள்ளை. மலைநாட்டு மூடுபனிக்கு எந்தக் கம்பனியும் மாற்று கண்டுபிடிக்கவில்லை. கமரா கழுகை விட்டுவிட்டுப் பனியைத் துல்லியமாகப் பிடித்துக்கொடுக்கும்.

ஒன்று சொல்லவேண்டும். கீழ்நாட்டுப் படக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி எங்களுக்கு உண்டு. அவர்களுக்குக் கழுகின் வயிறுதான் கிடைக்கும். அதுவும் வெளுத்த வானத்துக்கு எதிரே வெறும் கரிக்கோடாக. வெளிச்ச அளவை ஒரு படி கூட்டினால்தான் இறகு தெரியும். எங்கள் மலையிலோ ரோட்டில் நின்று குனிந்து கழுகைப் பார்க்கலாம். காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே, சிவனொளிபாதமலைக் காட்டை ஒட்டிய தேயிலை மலைகளில் வெயில் ஏறியதும் கருங்கழுகு கிளம்பும். அதற்கு அவசரமே கிடையாது. மர உச்சிகளை உரசினாற்போல், இறகு நுனிகளைக் கைவிரலாய் விரித்துக்கொண்டு, வீடு வீடாகச் சீட்டுக்காசு சேர்க்கிறவர் போல ஒவ்வொரு மரமாக எட்டிப் பார்த்துக்கொண்டு போகும். தேடுவது சின்னப் பறவைகளின் கூட்டை. மஞ்சள் கால், அதில் வெளிவிரல் குட்டை, உள்விரல் நகம் நீளம். முட்டை, குஞ்சு எல்லாவற்றையும் கூட்டோடு அள்ளிக்கொண்டு போக அமைந்த கால். மேலிருந்து பார்த்தால் வெயிலில் அதன் முதுகு கறுப்பில்லை, காய்ந்த தேயிலைத்தூளின் பழுப்பு. இந்த முதுகைத் தினமும் பார்த்தவர்கள் மேல் மலையில் கொழுந்தெடுத்தவர்கள். எந்தப் புத்தகத்திலும் அவர்களுக்கு நன்றி போட்டிருக்கவில்லை.

இப்போது துரை பங்களாக்களில் பல விடுதிகளாகிவிட்டன. பொகவந்தலாவைப் பக்கம் 2005இல் டில்மா தேயிலைக் கம்பனிக்காரர்கள் தொடங்கியது பெரும் பெயர் பெற்றது. முன்பு பின்வாசலுக்கு மட்டும் போன லயத்துப் பிள்ளைகள் இன்று முன்வாசலில் விருந்தாளியை எதிர்கொண்டு, ஆங்கிலத்தில் பறவைப் பெயர் சொல்கிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஒரே ஒரு நிபந்தனை: அண்ணாந்து பார்ப்பதற்குச் சம்பளம் வேண்டுமானால் பக்கத்தில் விருந்தாளி நிற்கவேண்டும். கொழுந்துக்கூடையோடு நின்று பார்த்தால் அது இன்றும் வேடிக்கைதான்.

போன மாரியில் கருந்தோள் பருந்து ஒன்றுக்காக நோர்வூட் பக்கம் அலைந்தேன். புறாவைவிடச் சற்றுப் பெரிது. வெள்ளை உடம்பு, தோளில் மை பூசிய கறுப்பு, சிவந்த கண். அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும். பிறகு சிறகை மேலே தூக்கி, காலை நீட்டி, பொத்தென்று இறங்கும். அதைத் தேடி நான் புல்மலைகளையெல்லாம் சுற்றிவிட்டுக் களைத்து வந்தபோது, மலையிலிருந்து ஒரு குரல்:

“சேர், நீங்க தேடுறது கவ்வாத்து மலையில நிக்கும். காலையில எட்டு மணிக்குள்ள போங்க.”

என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பிள்ளை. இப்போது அவளுக்கே பேரப்பிள்ளை.

“அங்க எதுக்கு நிக்கிது?”

“கவ்வாத்து வெட்டுனா மலை மொட்டையாயிருமில்ல, எலிக்கு ஒளிய இடம் ஏது?”

சரியான விளக்கம். மறுநாள் எட்டு மணிக்கு முன்பே படம் கிடைத்தது. ஈ-பேர்ட் என்ற இணையப் பறவைப் பட்டியலிலும் ஏற்றினேன். கண்டவர் பெயரை அது கேட்கும். இடத்தைச் சொன்னவர் பெயருக்கென்று தனிக் கட்டம் இல்லை. அதனால் படத்தையாவது காட்டலாம் என்று மலைக்குப் போனேன். அவள் கையை நிறுத்தாமலே கமராவை எட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் வந்திருக்கு. இதுக்கு எவ்வளவு சேர் தருவாங்க?”

“யாரும் ஒண்ணும் தரமாட்டாங்க.”

அவள் கை நின்றது. பக்கத்து நிரையில் இருந்தவளைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, உண்மையான கவலையோடு கேட்டாள்:

“வீட்டுல டீச்சரம்மாவோட ஏதும் சண்டைங்களா, சேர்?”